கோப்பை அலமாரிக்கு வெளியே

1991இல் என் மகள் செல்வி பிளஸ் டூ முடித்தாள். ஓட்டப் பந்தயத்தில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவள். சென்னைக் கல்லூரி ஒன்று, ஹாஸ்டலோடு இலவசமாக இடம் தருகிறோம் என்றது. எங்கள் ஊர் படப்பையிலிருந்து ஆசையாகப் போனோம். அலமாரி நிறைய இருந்த கோப்பைகளைப் பார்த்ததுமே இங்கேதான் சேர்ப்பது என்று முடிவு கட்டிவிட்டேன்.

உள்ளே கூப்பிடும்வரை வாசலில் நின்றோம். முழங்காலில் கட்டுப் போட்ட பெண் ஒருத்தி டிரங்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். செல்வி ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தாள்.

"எங்கம்மா போற?" என்றேன்.

"வூட்டுக்குத்தாம்மா. இந்த வருஷம் ஓடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஹாஸ்டல காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

அந்தப் பெட்டியை பஸ் வரை தூக்கிப் போனோம். நாங்களும் அப்படியே ஊர் திரும்பிவிட்டோம்.

பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு சின்னக் கல்லூரி. "அடிபட்ட பொண்ணு யார்னா இருக்குதாம்மா?" என்று விளையாட்டு டீச்சரிடம் முதலிலேயே கேட்டேன். அவர் மரத்தடியைக் காட்டினார். மாவுக்கட்டுக் காலை நீட்டியபடி ஒருத்தி படித்துக்கொண்டிருந்தாள். பின்னால் உட்கார்ந்து தோழி அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். செல்வியை அங்கேயே சேர்த்தேன்.

இப்போதும் விளையாடும் பிள்ளைகளுக்குக் கல்லூரி தேடுகிறவர்களிடம் சொல்கிறேன்: கோப்பைகளை அவர்களே காட்டுவார்கள். ஓட முடியாத பிள்ளை எங்கே என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.