அட்டவணை எண்ணாத பகல்கள்

எங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் இருபத்தாறு வருஷம் எழுத்தராக முத்திரை குத்தியிருக்கிறேன். குடித்துவிட்டு வந்தவர்கள், புது மனைவியைக் கூட்டிக்கொண்டு பழைய மனைவியோடு சண்டைபோட வந்தவர்கள் என்று எல்லோரையும் பார்த்தாயிற்று. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களில் நான் மனசார மதித்தது ஒருத்தியைத்தான். மார்லிஸ் கோலாசெக்.

ஊர் முதியோர் இல்லத்தில் மார்லிஸுக்கு இரவுப் பணி. பத்து மணிக்குப் போனால் காலை ஆறுக்குத்தான் விடுதலை. கணவன் டுவைன் தானியக் கிடங்கில் வேலை பார்த்தான். விவாகரத்து ஆனபோது மகள் கோராவுக்கு ஐந்து வயது. தினமும் ஆறரைக்கு மார்லிஸ் டுவைன் வீட்டு வாசலில் நிற்பாள். பிள்ளையை எழுப்பி, ஓட்ஸ் கஞ்சி ஊட்டி, தலை பின்னி, பள்ளியில் விட்டுவிட்டு வந்து தூங்குவாள். மூன்றரைக்கு மறுபடி பள்ளி வாசல். வீட்டுப்பாடம், சாப்பாடு, குளியல் எல்லாம் அவளிடம்தான். ஒன்பது மணிக்குக் கண் சொருகும் பிள்ளையை டுவைன் வீட்டுக் கட்டிலில் கிடத்திவிட்டு வேலைக்கு ஓடுவாள். அதற்கப்புறம் டுவைன் செய்ததெல்லாம் குறட்டை விட்டது.

எங்கள் மாநிலத்தில் பிள்ளை ஜீவனாம்சத்துக்கு உச்ச நீதிமன்றமே ஒரு வழிகாட்டி அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. பிள்ளை எந்த வீட்டில் அதிக இரவுகள் படுக்கிறதோ, அந்த வீட்டுக்காரர் வளர்ப்பவர். மற்றவர் பணம் கட்ட வேண்டும். ஆக, மார்லிஸ் 'வந்து பார்த்துப்போகும் பெற்றோர்' ஆகிவிட்டாள். மாதம் நானூற்றுப் பன்னிரண்டு டாலரை அவள் டுவைனுக்குக் கட்ட வேண்டும். கட்டுவதென்றால் பகலிலும் ஒரு வேலைக்குப் போக வேண்டும், மகளோடு இருக்கும் பகல் போய்விடும். அவள் வழக்காடியது அந்தப் பகலுக்காகத்தான்.

வக்கீல் வைக்க வசதியில்லை. விசாரணைக்குச் சமையலறைக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். விதைக் கடையில் இலவசமாகக் கொடுப்பது, டிராக்டர் படம் போட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் அவள் கையெழுத்து: காய்ச்சல், நூலகப் புத்தகம், பல் டாக்டர். நீதிபதி புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அட்டவணையை நான் போடலைம்மா. மேல இருக்கிறவங்க போட்டது. என்னால என்ன செய்ய முடியும்?"

மார்லிஸ் காலண்டரைப் பையில் வைத்துக்கொண்டாள். அதைக் கொடுத்து, எண் ஒட்டி, சான்றாகப் பதிய வைத்திருக்க வேண்டும். பதியாத காகிதம் மேல் நீதிமன்றத்தைப் பொறுத்தவரை இல்லாத காகிதம். நான் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கை எண்சீட்டு வரைக்கும் போனது. எந்தத் தரப்புக்கும் எழுத்தர் யோசனை சொல்லக்கூடாது என்பது விதி. வாயை மூடிக்கொண்டேன்.

மேல்முறையீட்டில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்: பதிவில் ஆதாரம் எதுவும் இல்லை. மார்லிஸ் அழவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் இறைச்சி வெட்டும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சனி, ஞாயிறு இரண்டு பகலும் போயின.

அட்டவணையை நாலு வருஷத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள். அடுத்த திருத்தத்தில் அவள் தொகை ஐந்நூறைத் தாண்டியது. தொகை அவ்வளவு ஏறினால் மறுபடி மனு போடலாம். மறுநாளே கவுண்டரில் வந்து நின்றாள், கையில் நாலு காலண்டர்.

"ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட வைக்காம இந்தத் தடவை நான் நகர மாட்டேன், லவான்" என்றாள் என்னிடம்.

"அட்டவணையை எழுதின உச்ச நீதிமன்றத்துக்கிட்டயே போய், நீங்க எழுதினது தப்புன்னு சொல்லப் போறியா? உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"வேற யார்கிட்ட போகச் சொல்ற? மாவு பிசைஞ்சவங்கதானே உப்பு சரிபார்க்கணும்."

எங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் மறுபடி தோற்றாள். ஆனால் காலண்டர்கள் இம்முறை பதிவில் ஏறிவிட்டன. அவள் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்ற வாதத்தன்று நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். டுவைனின் வக்கீல் அட்டவணையை வரிவரியாக ஒப்பித்தார். பிறகு மார்லிஸ் எழுந்தாள். முதியோர் இல்லத்து வெள்ளைச் செருப்பைக்கூட மாற்றவில்லை. மேலே ஏழு நீதிபதிகள். நடுவில் இருந்தவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"அப்ப நாங்க போட்ட விதியே சட்டத்துக்கு விரோதம்னு சொல்றீங்களா?"

"அப்படிச் சொல்ற அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாதுங்க ஐயா. நீங்க பிள்ளை தூங்குற நேரத்தை எண்ணியிருக்கீங்க. முழிச்சிருக்கிற நேரத்தை எண்ணாம விட்டுட்டீங்க. முழிச்சிருக்கும்போதுதாங்க பசிக்குது."

ஒரு நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. தட்டியிருந்தால் வெளியே தள்ளியிருப்பார்கள்.

தீர்ப்பு வர மூன்று மாதம் ஆனது. ஏழில் ஐந்து பேர் அவள் பக்கம். இரவுக் கணக்கு வளர்ப்பை அளக்க ஒரு வழி மட்டுமே, பகலில் வளர்ப்பவர் அதை நிரூபித்தால் அட்டவணையை விட்டு விலகலாம், விலகியே ஆக வேண்டும் என்று பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். மார்லிஸின் தொகை ரத்தானது. இறைச்சிக் கத்தியை அந்த வாரமே கீழே வைத்துவிட்டாள்.

வழக்கு முடிந்தால் சான்றுகளைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். நாலு காலண்டரையும் நானே பெட்டகத்திலிருந்து எடுத்து வந்தேன். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"மார்லிஸ், முதல் விசாரணையன்னைக்கு நீ காலண்டரைப் பைக்குள்ள வச்சதை நான் பார்த்தேன். பதியச் சொல்லியிருக்கணும். சொல்லலை."

"நீ சொல்லியிருந்தா உன் வேலை போயிருக்கும்." சொல்லிக்கொண்டே அடியில் இருந்த அந்தப் பழைய டிராக்டர் காலண்டரை உருவி அக்டோபரைப் புரட்டினாள். "அதுவுமில்லாம, நீ சொல்லியிருந்தாலும் அன்னைக்கு நான் குடுத்திருக்க மாட்டேன். இங்க பாரு. பதினேழாம் தேதி, மூணே முக்கால், பல் டாக்டர். இதைக் கோர்ட்டுல விட்டுட்டுப் போயிருந்தா கோராவை யாரு ஞாபகமா கூட்டிட்டுப் போயிருப்பா?"

வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சீட்டை நீட்டினேன். பாதிப் பெயர் எழுதும்போதே சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று இருபது.

"ஐயோ, ஸ்கூல் விட்டுடும்" என்று பேனாவைப் போட்டுவிட்டு ஓடினாள்.