இன்னும் அறுபது வாட்

பட்டறையில் அவருக்கு ‘மீட்டர்’ என்றுதான் பெயர். வேன் கூரையோடு சேர்த்துச் சோலார் பலகை பதிக்கிற வேலை. மீட்டர் வைத்துப் பார்க்காமல் மனுஷன் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடிப்பார்கள். மற்றவர்கள் வேலை முடிந்தது என்று கை கழுவுகிற இடத்தில்தான் இவருக்கு வேலையே ஆரம்பிக்கும். கெட்டிக்காரர்தான், யார் இல்லையென்றது? அந்தக் கெட்டிக்காரத்தனம் அவர் தலையிலேயே வந்து விடிந்ததுதான் கொடுமை.

மனைவி நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்ஸிஜன் மிஷினுமாக இருந்தாள். ஒரே ஓர் ஆசை அவளுக்கு: அக்காவைப் பார்க்க வேண்டும். தாய்க்குத் தாயாக வளர்த்த அந்த அக்கா, இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மணி நேரப் பயணத்துக்கு அப்பால் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். மிஷினில் இருக்கும் பேட்டரி இரண்டு மணி நேரம்தான் தாங்கும். வீட்டில் இருந்ததோ பழைய மின்சார வேன், அந்தத் தூரம் போவதற்கே அதன் சார்ஜ் மட்டுமட்டு.

“கவலைய விடு. கூரையிலேருந்தே மிஷின ஓட்டிடறேன்,” என்றார்.

மிஷினுக்கு வேண்டியது முந்நூறு வாட். பலகை பதித்த வேன் கூரை கொடுத்ததோ இருநூறு. மரநிழல் ஒரு மூலையில் விழுந்தாலே மொத்தக் கூரையும் படுத்துவிடும். அதனால் பலகைகளை நான்கு வரிசையாகப் பிரித்தார், ஒன்று படுத்தாலும் மற்ற மூன்றும் ஓடும்படி. சூடேறினால் பலகை சோம்பும் என்று அடியில் காற்றுப் புக விரலளவு இடைவெளி விட்டார். மூன்றாவது மாதமே முந்நூற்று நாற்பது வந்துவிட்டது.

“அப்ப கிளம்பலாமாங்க?” என்றாள் அவள்.

“இரு. மேகம் வந்தா இறங்கிடும். இன்னும் ஒரு அறுபது ஏத்திட்டேன்னா பயமில்ல.”

“மேகம் வந்தா வழியில யார் வீட்டுலயாவது நின்னு கரண்டு கேப்போம். குடுக்காமலா போயிடுவாங்க?”

அவர் சிரித்துவிட்டு ஏணியில் ஏறிவிட்டார். அட பாவி மனுஷா, அவள் சொன்னதில் என்ன தப்பு? ஒயரை மாற்றினார், பலகையைச் சாய்த்தார், பழையபடி அளந்தார். ஜன்னல் வழியாக அவருடைய கால்களை மட்டும் பார்த்தபடி அவள் படுத்திருந்தாள். பக்கத்தில் வந்து உட்காருங்களேன் என்று இரண்டொரு முறை கேட்டும் பார்த்தாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஏழாவது மாதம் ஒரு காலையில் மீட்டர் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு காட்டியது. சொல்லலாமென்று உள்ளே ஓடினார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மூச்சு நின்றிருந்தது.

அக்காவை அக்கா மகன் காரின் பின்சீட்டில் படுக்க வைத்துக் கூட்டி வந்தான். வலியில் முனகியவளை இரண்டு பேர் தூக்கி வந்து தங்கையின் பக்கத்தில் இறக்கினார்கள். வெகுநேரம் அந்த முகத்தைத் தடவித் தடவி அழுதாள். பிறகு அவரைப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை.

“போன் பண்றப்பல்லாம் வண்டி தயாராயிட்டே இருக்கு, வந்துடறேன்க்கான்னு சொல்லுவா. கடைசி வரைக்கும் தயாராகலையா தம்பி?”

ஆகவில்லை என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அவருக்கு நாக்கு வரவில்லை.

“நாலு மாசம் முன்னாடியே தயாராயிடுச்சுக்கா,” என்றார். “நான்தான் கிளம்பல.”