இடி வெட்டினால் பிளக்கைப் பிடுங்கும் ஊரில் ஒரு சர்வர்

அம்மையின் சவப்பெட்டியை மூடுகிற நேரம் பார்த்துத்தான் என் சர்வர் நின்றது.

வளைகுடாவில் ஒரு கம்பெனியின் சர்வர் ரூமில் காலம் தள்ளிவிட்டு மார்த்தாண்டம் பக்கம் வீட்டோடு வந்து சேர்ந்தவன் நான். சும்மா இருக்கப் பிடிக்காமல் வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்தேன்; படம், வீடியோ எல்லாம் சேர்த்துவைத்து எந்நேரமும் ஓடும் கம்ப்யூட்டர். ஒரு டிஸ்க் போனால் இன்னொன்று, இன்வெர்ட்டர் போதாதென்று தனி யூபிஎஸ், ஃபைபர் லைன் செத்தால் சிம் போட்ட ரூட்டர். கரண்டு எத்தனை தடவை போனாலும் அது அசையாது. எனக்குத் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

அம்மை இறந்தபோது சவுதியில் இருந்த தம்பி செல்வினுக்கு லீவு கிடைக்கவில்லை.

"அம்மைக்க முகத்தக் கடைசியா ஒருக்கா காணணும் அண்ணா. வேற ஒண்ணும் வேண்டாம்" என்று போனில் அழுதான்.

ஏதாவது இலவசத் தளத்தில் லைவ் போடச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். வேறொரு அடக்கத்தில் சர்ச்சு ஐயர் ஜெபிக்கும்போதே நடுவில் சோப்பு விளம்பரம் வந்ததைப் பார்த்தவன் நான். "நம்ம சர்வர் இருக்கும்போ அது எதுக்கு? நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

வேதக்கோயிலில் போனை ஸ்டாண்டில் நிறுத்தினேன். படம் வீட்டு சர்வருக்குப் போய், அங்கிருந்து தம்பிக்குப் போகும். ஆராதனை நடக்கும்போதே வானம் கறுத்து இடி வெட்டியது. நான் கவலைப்படவில்லை. "முகம் பார்க்கிறவங்க பார்க்கலாம்" என்று ஐயர் சொன்னதும் போனைக் கழற்றிக்கொண்டு பெட்டியருகே போனேன். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஆப்பை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். "கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். மழை வருகிறது என்று பெட்டியை மூடிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் பெட்டி வீட்டைவிட்டு இறங்கியதும் அக்கம்பக்கத்தில் யாராவது நின்று வீட்டைக் கழுவிவிடுவார்கள். அன்று நின்றது பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா. நான் திரும்பிவந்து பார்த்தால் டிவி, ஃபிரிட்ஜ், ரூட்டர், யூபிஎஸ், யூபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்குப் போகிற வயர் எல்லாம் கழற்றி அழகாகச் சுற்றி வைத்திருந்தது.

"இடி வெட்டிச்சுல்லா மக்கா. போன வருசம் எங்க டிவி கருகிப் போச்சு. சாவு நடந்த வீட்டுல இனி ஒரு நட்டமும் வரப்பிடாதுன்னு ஒண்ணு விடாம பிடுங்கிப் போட்டேன்."

அழுது அழுது அக்காவின் கண் வீங்கியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? அம்மை இருந்திருந்தால் அவளும் இதைத்தான் செய்திருப்பாள்.

சாயங்காலம் செல்வின் கூப்பிட்டான். யூபிஎஸ், ரூட்டர், பிளக்கு என்று எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"அந்த நேரம் ஒரு போட்டோ எடுத்திருக்கலாம்லா அண்ணா."

வீட்டில் சர்வர் வைக்க ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் எந்த போர்டு, எந்த டிஸ்க் என்றுதான் கேட்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது என்னவென்று சொல்லிவையுங்கள் என்கிறேன். ஒரே ஒரு தடவை நடக்கிற காரியத்துக்கு அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள் என்றும் சொல்கிறேன்.

என் சர்வர் இப்போதும் நிற்காமல் ஓடுகிறது. அம்மையின் பழைய படங்களெல்லாம் அதில்தான் இருக்கின்றன; செல்வினுக்கும் பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறேன். யார் யார் வந்து பார்த்தார்கள் என்று காட்டும் லாகைத் திறந்து பார்ப்பேன். அன்றைக்குப் பிறகு செல்வின் உள்ளே வந்ததே இல்லை.