சிரிக்காதே அக்கா

“…கம்ப்ரசர் நீங்கலாக மற்ற பாகங்களுக்கு இந்த உத்தரவாதம் பொருந்தாது. கதவில் உள்ள ரப்பர் பட்டை, உள்விளக்கு, காய்கறித் தட்டு ஆகியவை…”

ஃபிரிட்ஜோடு வந்த வாரண்டி புத்தகத்தை ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசித்துக்கொண்டிருக்கிறார் அக்கா. எதிரே, வெள்ளைத் திரைக்கு முன்னால், ஸ்டூலில் ஒரு வாண்டு. ஸ்டூடியோவுக்குள் வந்ததும் சோபாவில் ஏறிக் குதித்து, குடைவிளக்கைத் தள்ளிவிடப் பார்த்து, கூட வந்த சித்தப்பாவின் கண்ணாடியையும் பிடுங்கியவன் அவன். ரப்பர் பட்டை வந்தபோது அவன் கால் ஆடுவது நின்றது. காய்கறித் தட்டு வந்தபோது வாய் மூடிக்கொண்டது. வாழ்க்கையே வெறுத்துப்போனவனாகக் காமிராவை நேராகப் பார்த்தான். கிளிக்.

“அவ்ளோதான் ராஜா. இப்போ போய் எவ்ளோ வேணா குதி.”

பாஸ்போர்ட் படத்தில் பல் தெரியக்கூடாது, கண் மூடக்கூடாது, பின்னால் நிழல் விழக்கூடாது. பெரியவர்களுக்கே இது பெரும்பாடு. காமிராவைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகிவிடுகிறது. “சார், கல்யாணத்துக்கா எடுக்கறோம்? வீட்டுல இருக்கற மாதிரி உம்முன்னு இருங்க” என்பார் அக்கா. கூட வந்த மனைவி விழுந்து விழுந்து சிரிப்பார். சார் முகம் இறுகிவிடும். படம் கச்சிதமாக அமைந்துவிடும். நாள் முழுக்க ‘சிரிக்காதே, சிரிக்காதே’ என்று சொல்லிச் சொல்லி, தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. சொல்கிறவர் என்னவோ தும்மினால்கூடச் சிரித்துக்கொண்டேதான் தும்முவார்.

பள்ளி விடுமுறை நெருங்கினால் கடையில் குழந்தைகள் கூட்டம் நெரியும். இப்போதெல்லாம் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறி ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். எல்லாருக்கும் டிக்கெட் போட்டு, நீச்சலுடை வரைக்கும் வாங்கி முடித்த பிறகுதான் பலருக்குப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஞாபகம் வருகிறது. “கைக்குழந்தைக்கு எதுக்கு மேடம் தனியா? என் மடியிலதானே வரப்போறான்?” என்று ஒரு அப்பா கேட்டார். “கப்பல்ல மடியை எண்ண மாட்டாங்க சார், தலையைத்தான் எண்ணுவாங்க” என்றார் அக்கா. கழுத்து நிற்காத குழந்தை என்றால் அம்மா வெள்ளைத் துணிக்குள் புகுந்து நாற்காலியாகிவிட வேண்டும். விரல் நுனிகூட வெளியே தெரியக்கூடாது. “நாற்காலி மூச்சு விடலாம், பேசக்கூடாது” என்று அதற்கும் உத்தரவு பறக்கும்.

எடுத்த படத்தைப் பெரிதாக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அச்செடுப்பதும் வெட்டுவதும் வீட்டுக்காரர் வேலை. காமிராவைத் தொட மட்டும் அவருக்கு அனுமதி கிடையாது. “என் படம் ஒண்ணுகூட இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல” என்று அக்கா சொன்னால் அதில் பொய் இல்லை. வாசல் கண்ணாடி அலமாரியே அதற்குச் சாட்சி: பாஸ்போர்ட் ஆபீஸ் ஏற்றுக்கொண்ட உம்மணாமூஞ்சிகளாக வரிசை வரிசையாய் ஒட்டி வைத்திருக்கிறார். தெருவில் போகிறவர்கள் ஏதோ துக்கம் போலிருக்கிறது என்று ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவார்கள்.

அந்தப் பெருமையில் கைவைத்தவள் வேறு யாருமில்லை, அக்காவின் தங்கை மகள்தான். இன்னும் மழலை மாறாத பாப்பா. பெரியம்மா முகத்தைக் கண்டால் போதும், ஒரு காரணமும் இல்லாமல் கெக்கெக்கே என்று சிரிப்பாள். தங்கை குடும்பமும் கப்பல் பயணத்துக்குப் பதிந்திருந்தது. பாப்பாவை அக்காதான் படம் எடுத்தார். உதட்டோரம் லேசாக மேலே ஏறியிருந்ததை வீட்டுக்காரர்கூடக் கவனித்துச் சொன்னார். “அது சிரிப்பில்லைங்க, அவ வாயே அப்படித்தான்” என்று அக்கா அடித்துப் பேசிவிட்டார். ஊரார் பிள்ளை என்றால் விட்டிருப்பாரா?

படம் திரும்பி வந்தது. அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

“நாளைக்குக் காலையில புதுப் படத்தோட வரச் சொல்லிட்டாங்கக்கா. நாளைக்கும் திருப்பி அனுப்பினா கப்பல் கிளம்பறதுக்குள்ள பாஸ்போர்ட் வராது. எல்லாத்தையும் கேன்சல் பண்ண வேண்டியதுதான்” என்றாள் தங்கை.

பாப்பாவை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். அக்கா வாரண்டி புத்தகத்தை எடுத்தார். கம்ப்ரசருக்கு ஒரு சிரிப்பு. ரப்பர் பட்டைக்கு இன்னொரு சிரிப்பு. காய்கறித் தட்டு வந்தபோது பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அக்கா கண்ணை உருட்டினார், முறைத்தார், முதுகைக் காட்டி நின்று சட்டென்று திரும்பினார். ஒரு பாச்சாவும் பலிக்கவில்லை. கடைசியில் அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தங்கைக்கு வரவில்லை. “என்னக்கா இது விளையாட்டு? கப்பலுக்குப் போகாம அவளை உன்கிட்டயே வச்சுக்கலாம்னு பாக்கறியா?”

கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனாலும் அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. பாப்பா இங்கேயே தங்கிவிட்டால் எப்படி இருக்கும் என்று முந்தின நாள் அவர் நினைக்காமல் இல்லை. நினைத்ததும் தன் தலையில் தானே குட்டிக்கொண்டவர் அவர். இப்போது காமிராவைத் தாங்கியில் பொருத்தி, உயரம் பார்த்து, விளக்கைச் சரிசெய்து, வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

“நீங்க எடுங்க.”

“நானா?” வெட்டும் கத்தியை வைத்துவிட்டு வந்தவருக்கு வேர்த்துவிட்டது.

“பட்டனை அழுத்தத் தெரியுமில்ல? லென்ஸுக்குப் பக்கத்துலயே நில்லுங்க. அவ நேரா பாக்கறப்ப அழுத்துங்க. நான் இருந்தா அவ சிரிச்சுக்கிட்டேதான் இருப்பா.”

கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா வெளியே வந்தார். தன் உம்மணாமூஞ்சிகளைப் பார்த்தபடி அலமாரி ஓரமாக நின்றார். அவர் இல்லாமல் அந்தக் கடையில் ஒரு படம் எடுப்பது இதுதான் முதல் தடவை. கை பரபரத்தது, முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். உள்ளே “பெய்ம்மா எங்க?” என்று பாப்பாவின் குரல் கேட்டது. பிறகு சத்தமே இல்லை.

“முடிஞ்சுது!” என்றார் வீட்டுக்காரர்.

அக்கா திரையில் படத்தைப் பெரிதாக்கினார். உதடு மூடியிருந்தது. கண் அகலத் திறந்திருந்தது. பெரியம்மா எப்போதும் நிற்கிற இடத்தைத் தேடிய பார்வை, லென்ஸுக்குள் நேராக வந்து விழுந்திருந்தது. நிழல் இல்லை, குறை இல்லை. அக்கா நெடுநேரம் அதையே பார்த்தார்.

“என்னைத்தான் தேடுது” என்றார். குரலில் கர்வம் வழிந்தது.

“ஆமாக்கா. நான் கோவத்துல ஏதோ…” என்று தங்கை தொடங்கினாள்.

“போடி, நாளைக்கு நேரத்தோட கிளம்பற வழியைப் பாரு” என்று படங்களை உறையில் போட்டு அவள் கையில் திணித்தார் அக்கா.

அந்தப் படத்தை ஆபீஸ் ஏற்றுக்கொண்டது. தங்கை போன் செய்து சொன்னதும், புதுப் படத்தை அலமாரியில் ஒட்டலாமென்று வீட்டுக்காரர் ஒரு பிரதியை எடுத்து நீட்டினார். தான் எடுத்த படம் ஆயிற்றே, அவருக்கும் ஆசை இருக்காதா? அக்கா அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மேஜை டிராயரைத் திறந்தார். ஓரத்தில் பின் குத்திய ஓட்டையோடு திரும்பி வந்த பழைய படத்தை வெளியே எடுத்தார். வாசலுக்குப் போய், அலமாரியின் நட்ட நடுவில் முறைத்துக்கொண்டிருந்த ஒருவரை மெல்லப் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாப்பாவை ஒட்டி, கண்ணாடியை முந்தானையால் துடைத்தார்.