பிள்ளையார் குடித்த தண்ணீர்

எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு நீச்சல் தெரியாது என்பது ஊராரின் உறுதியான நம்பிக்கை. மழை பொய்த்துப்போன வருஷங்களில் அவரைத் தலை முங்கத் தண்ணீரில் வைத்துவிட்டால், மூச்சு முட்டிப்போய் மேலே இருக்கிறவர்களிடம் சொல்லி எப்படியாவது மழையைக் கொண்டுவந்துவிடுவார். அதற்காகக் கருவறை வாசலைச் செங்கல்லும் களிமண்ணும் வைத்து இடுப்பளவுக்கு அடைப்பார்கள். அபிஷேகத் தண்ணீர் வெளியே போகிற கோமுகியையும் அடைப்பார்கள். பிறகு வீட்டுக்கு ஒரு குடம் என்று ஊற்றி நிரப்புவார்கள். மழை விழும்வரை பிள்ளையார் உள்ளேயே மூழ்கிக் கிடக்க வேண்டும். இதுதான் பக்தி என்பாள் அத்தை. ஒருத்தரைத் தண்ணிக்குள்ள முக்கிக் காரியம் சாதிக்கிறதுக்குப் போலீஸ் ஸ்டேஷன்ல வேற பேரு என்பார் சித்தப்பா.

இருவரும் அய்யாவுடன் பிறந்தவர்கள். அய்யா மூத்தவர், ஊர்க்கூட்டத்தில் அவர் பேச்சு எடுபடும். அத்தை நடுவில் பிறந்தவள். கல்யாணமான சூட்டோடு புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். சித்தப்பா கடைக்குட்டி. அத்தைக்கு எல்லாமே பிள்ளையார்தான். காலையில் கோயிலைக் கூட்டி, கோலம் போட்டு, விளக்கேற்றிவிட்டு வந்த பிறகுதான் பச்சைத் தண்ணீர் பல்லில் படும். சித்தப்பாவுக்கு மரங்கள்தான் எல்லாம். பொட்டலில் எது முளைத்தாலும் அதற்கு முள் வெட்டிப் போடுவார். ஆடு கடித்த செடியைப் பார்த்தால் அன்றைக்கு முழுக்க ஆட்டுக்காரனைத் திட்டிக்கொண்டிருப்பார். சாமி கும்பிட மட்டும் கையெடுக்க மாட்டார். இவனுக்குக் கையில எலும்பே இல்லையா என்று அய்யா சலித்துக்கொள்வார்.

ராமநாதபுரத்துக்குத் தெற்கே, காற்று திரும்பினால் கடல் இரைச்சல் கேட்கிற ஊர் எங்களுடையது. தண்ணீருக்கு என்ன பஞ்சம், கடல் நிறைய இருக்கிறது, குடிக்கத்தான் முடியாது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, ஊருக்குப் பஸ்ஸும் வந்துவிட்டது. நல்ல தண்ணீர் மட்டும் வந்த பாடில்லை. நான் இரண்டாம் வகுப்புப் படித்த அந்த வருஷம் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கண்மாய்க்குள் ஆள் ஆழத்துக்கு ஊத்துத் தோண்டி, அடியில் கசிகிற தண்ணீரைச் சிரட்டையால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைவதற்குள் பெண்கள் உலகத்துக் கதையெல்லாம் பேசி முடித்துவிடுவார்கள்.

அந்த வருஷமும் பிள்ளையாரை முக்குவது என்று ஊர் முடிவு செய்தது. அங்கேதான் வினை ஆரம்பித்தது. கோமுகிக்கு நேர் கீழே சித்தப்பாவின் வாதா மரம், அதாவது நாட்டு வாதுமை, நின்றது. மரம் என்று அவர்தான் சொல்வார். எங்கள் கண்ணுக்கு அது ஒரு குச்சியும் நாலு இலையும்தான். பாம்பனுக்குப் போயிருந்தபோது கடற்கரையில் அந்த மரத்தைப் பார்த்து மயங்கி, கொட்டையை மடியில் கட்டிக்கொண்டு வந்து போட்டிருந்தார். தினமும் பிள்ளையார் குளித்த தண்ணீர் கோமுகி வழியாக விழுந்து அதை வளர்த்தது. அரசு, வேம்பு வைத்தாலாவது சாமிக்கு ஆகும், இந்தக் கொட்டை மரம் யாருக்கு என்று அத்தையே அதைப் பழித்திருக்கிறாள். இப்போது கோமுகியை அடைத்தால் அந்தக் குச்சி காய்ந்துபோகும்.

சித்தப்பா ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்டார். "மழை வாரப்ப வரட்டும். வேணும்னா கடல்ல கொண்டுபோய் முக்குங்க, அங்கன எம்புட்டுத் தண்ணி கெடக்கு. கோமுகிய மட்டும் அடைக்காதீக."

கூட்டம் கொதித்துவிட்டது. அய்யாவுக்கு முகமெல்லாம் சிறுத்துப்போயிற்று. "ஏலே, உக்காரு" என்று ஒரு அதட்டல் போட்டார். கோமுகி அடைபட்டது.

அதன்பிறகு சித்தப்பா தனக்குக் குடிக்கக் கொடுத்த செம்புத் தண்ணீரை வேட்டி மறைப்பில் கொண்டுபோய் மரத்துக்கு ஊற்ற ஆரம்பித்தார். உதடு வெடித்து, பேச்சுக் குறைந்து, ஆள் கருவாடாகிப் போனார். இது ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? குடிக்கிற தண்ணியை இனியும் மண்ணில் கொட்டினால் அந்த வீட்டுக்கு ஊத்தில் பங்கு கிடையாது என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். அய்யா வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்த தம்பியிடம் கத்தாமல்தான் கேட்டார்.

"ஒனக்கு மரம் வேணுமா, நாங்க வேணுமாலே?"

சித்தப்பா தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். தட்டில் ஊற்றிய அந்தக் கொஞ்சத் தண்ணீரையே அத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அத்தை என்னை எழுப்பி, "கொல்லையில போயி நல்ல முத்தின ஆமணக்குத் தண்டா ஒண்ணு ஒடிச்சிட்டு வா தாயி" என்றாள். ஆமணக்கு இலையின் காம்பு உள்ளே குழல் மாதிரி இருக்கும். சோப்புத் தண்ணீரில் முக்கி ஊதி நுரை முட்டை விட எங்களுக்கு அதுதான் வேண்டும். ஒடித்துக்கொண்டு அவளோடு கோயிலுக்குப் போனேன். கோமுகியை அடைத்த களிமண் வெயிலுக்கு வெடித்துவிடும் என்பதால் தினமும் புதுமண் குழைத்துப் பூசுவது அவள் வேலை. அன்றைக்குப் பூசும்போது அந்தத் தண்டைக் களிமண்ணுக்குள் செருகி, நுனி மட்டும் கீழ்ப்பக்கம் முள்ளுக்குள் தெரிகிற மாதிரி வைத்து, மேலே மண்ணை வழித்துவிட்டாள்.

"இது எதுக்கு அத்தை?"

அத்தை சுற்றும் முற்றும் பார்த்தாள். "பிள்ளையார் தண்ணிக்குள்ள இருக்காருல்ல. மூச்சு முட்டாதா? யார்ட்டயும் சொல்லீராத தாயி. ஊருக்குத் தெரிஞ்சா புடுங்கிப் போட்ருவாக."

எனக்கு அத்தையை நினைத்துப் பெருமையாக இருந்தது. ஊரே சேர்ந்து ஒருத்தரைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருக்கும்போது, அவருக்கு மூச்சு விட ஒரு குழல் வைக்க அவள் ஒருத்திக்குத்தானே தோன்றியது! தண்டு வாடிவிடும் என்பதால் தினமும் புதுசு ஒடித்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளிடம் சொல்ல வாய் ஊறும். பிள்ளையார் மூச்சு முட்டிச் செத்துவிட்டால் பாவம் என் தலையில் விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இதற்குள் ஊரில் வேறு கதை ஓடத் தொடங்கியது. சாயங்காலம் பிள்ளையார் தலை முங்க நிரப்பினால் காலையில் தொந்தி தெரிந்தது. முதலில் அய்யாவின் பார்வை சித்தப்பா மேல்தான் விழுந்தது. கோமுகியைப் போய்ப் பார்த்தார். மண் பூச்சு பூசினபடி இருந்தது. ஆடு கடிக்காமல் சித்தப்பா போட்ட முள் கீழே அடர்ந்து கிடந்தது; சாமி தண்ணீர் விழுகிற இடத்தில் காலை வைக்கவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. இருந்தாலும் சந்தேகம் தீராமல், சித்தப்பாவை ராமநாதபுரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அவர் இல்லாதபோதும் தண்ணீர் குறைந்தது.

பிறகென்ன, பிள்ளையார் தண்ணீர் குடிக்கிறார் என்பது ஊர்ஜிதமாகிவிட்டது. பூசாரிக்குத் தரையில் கால் பாவவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். ஒரு குடம் கொடுக்க மூக்கால் அழுதவர்கள்கூடத் தாங்கள் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு இன்னொரு குடம் தூக்கி வந்தார்கள். பெண்கள் உருகி உருகிக் குலவையிட்டார்கள். ஊரில் ஒருத்தி மட்டும் குலவையிடவில்லை. அத்தை தூணுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பக்தி முற்றிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

சித்தப்பா திரும்பி வந்த அன்றைக்கு வீட்டுக்குக்கூட வராமல் கோயிலுக்குப் பின்னால் போனார். செத்த குச்சியைப் பார்த்து அழப்போகிறார் என்று நினைத்து நானும் பின்னால் ஓடினேன். குச்சியில் ஒரு புது இலை விட்டிருந்தது. செம்பு நிறத்தில், பளபளவென்று. சித்தப்பா முள்ளை ஒதுக்கிக் கீழே கையை வைத்தார். மண் ஈரமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது தண்டின் நுனியிலிருந்து ஒரு சொட்டு அவர் புறங்கையில் விழுந்தது.

"இத யாரு வச்சது?"

சித்தப்பாவிடம் சொன்னால் ஊரிடம் சொன்னதாகாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். "அத்தைதான். பிள்ளையாரு மூச்சு விடுறதுக்கு."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முள்ளைப் பழையபடி இழுத்து மூடிவிட்டு, அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முள் குத்திவிட்டதாக்கும் என்று நான் அவர் காலைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் ஊர் அதிசயித்துப்போனது. சித்தப்பா ஊத்தில் இறங்கித் தானே வழித்த குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தார். அய்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாத்திகம் பேசினவனையும் சாமி வரவழைத்துவிட்டார் என்று பூசாரி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சித்தப்பா ஊற்றும்போது அத்தை பக்கத்தில்தான் நின்றாள்.

"பார்த்து ஊத்து" என்றாள்.

"நீ ஒண்ணும் நெனைக்காதக்கா. இனி தெனமும் நான் கொண்டாரேன்" என்றார் சித்தப்பா.

எங்கள் வீட்டில் சண்டை ஓய்ந்ததே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஐப்பசி பிறந்து சில நாளில் கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து ஊற்றியது பாருங்கள், அப்படி ஒரு மழை. ஊர் முழுக்கத் தெருவில் நின்று நனைந்தது. கருவறை வாசலை இடித்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கோமுகியையும் திறக்கப்போனபோது அத்தை முந்திக்கொண்டு தானே களிமண்ணைப் பெயர்த்து எடுத்துவிட்டாள். பிள்ளையார் ஈரம் சொட்டச் சொட்டப் பழையபடி உட்கார்ந்திருந்தார். பிழைத்தார் மனிதர் என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அன்றிலிருந்து அத்தை கோயில் படியேறவில்லை. ஊருக்கு அது சட்டென்று தெரியவில்லை. காலையில் வழக்கம்போலப் போவாள், வாசலைக் கூட்டுவாள், கோலம் போடுவாள். பிறகு சுற்றிக்கொண்டு பின்னால் போய்க் கோமுகிப் பக்கம் நின்று, சுவரைப் பார்த்துக் கும்பிடுவாள். உள்ளே போய் விளக்கேற்றுவது சித்தப்பா என்று ஆயிற்று. கையில் எலும்பில்லாத அந்த மனிதர் திரி திரித்து, எண்ணெய் ஊற்றி, தீபத்தைக் காட்டிவிட்டு, தட்டை வெளியே கொண்டுவந்து அக்கா முன்னால் நீட்டுவார். அவள் தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். திருநீறு மட்டும் எடுக்கமாட்டாள். அவள் கடைசியாகப் படுக்கையில் விழுகிறவரைக்கும் இப்படியேதான் நடந்தது.

சாமி தண்ணீரைத் திருடிவிட்டோம் என்றே அவள் நம்பினாள். ஊரே தாகத்தோடு கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் அது. தம்பிக்கும் அந்தக் குச்சிக்கும் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகத் தனக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடத்தை விட்டு அவளே வெளியேறிவிட்டாள். அய்யா தம்பியிடம் கேட்ட கேள்விக்கு, தம்பிக்குப் பதிலாக அவள் பதில் சொல்லியிருக்கிறாள். தண்டனையையும் யாரும் கொடுக்கும்வரை காத்திராமல் தானே எடுத்துக்கொண்டாள். இதெல்லாம் நான் பிள்ளை குட்டி பெற்ற பிறகு புரிந்துகொண்டது.

அந்த மழை விட்ட மறுநாள் அவளோடு கோயிலுக்குப் போனேன். நான் தாவிப் படியேறிவிட்டேன். பின்னால் அவளைக் காணோம். தேடிக்கொண்டு பின்பக்கம் போனால், வாதாச் செடி பக்கத்தில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"உள்ள வா அத்தை" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ போ தாயி. அத்தை இங்கனயே நின்னுக்கிறேன். இங்கன நல்லா நெழலா இருக்கு."

சரி என்று நான் உள்ளே ஓடிவிட்டேன். அந்தச் செடி அப்போது என் இடுப்பு உயரம்கூட இல்லை. அதற்கு ஏது நிழல் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.