கோலுக்கும் கோலுக்கும் நடுவே ஒரு பாதம்

மடுகரையில் நடவுக்கு ஆள் சேர்க்கிற செல்வகுமாரி பதினோரு வருடமாக உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தாள். ஒரு குழி நிலத்துக்கு இத்தனை முடி நாற்று என்பது அவள் கைக்குத் தெரியும். கமலக்கண்ணன் கழனியில் மட்டும் நாற்று எப்போதும் கூடுதலாகப் பிடித்தது. அளந்தால் குழி குறைவாக வந்தது. கூலியோ குழிக்குத்தான். கணக்கில் வராத அந்த நிலம் பன்னிரண்டு பெண்களின் இடுப்பில் வலித்தது.

சதுரமான குழியின் ஒரு பக்கம், பன்னிரண்டு அடி மூங்கில் கோலால் இரண்டு கோல். ஆளுக்கொரு கோல் வைத்துக்கொண்டு ஊர் அடித்துக்கொண்ட காலத்தில், பிடாரி கோயில் கருங்கல் தளத்தில் இரண்டு கோடு வெட்டினார்கள். அந்தக் கோடுகளுக்குள் சரியாகப் பொருந்தினால்தான் அது கோல். மீட்டர் டேப் வந்த பிறகும் நடவுக்கு அதுவே அளவு.

போன வாரம் கமலக்கண்ணனின் கோலை அவளே கோயிலுக்குத் தூக்கிப் போனாள். இம்மி பிசகாமல் பொருந்தியது.

"இன்னாக்கா, கோலு வளந்துடுச்சா?" கமலக்கண்ணனின் காரியஸ்தன் பாக்யராஜ் எல்லார் எதிரிலும் சிரித்தான்.

இன்று நட்டு முடித்ததும் அவன் வரப்பில் அளந்தான். சேற்றில் நின்ற செல்வகுமாரி இம்முறை கோலைப் பார்க்கவில்லை. அவன் காலைப் பார்த்தாள். கோல் முடிந்த இடத்தில் குதிகாலை வைத்தான். கோலைத் தூக்கினான். கட்டைவிரல் நுனியிலிருந்து அடுத்த கோலைப் போட்டான்.

"நிறுத்துடா! அந்தப் பாதத்து நெலத்த யாருடா நட்டது? உங்க மொதலாளியா?"

"எங்கப்பா காலத்துலேர்ந்து இப்பிடித்தான்க்கா அளக்கறோம்."

"ஒம்போது நம்பர் செருப்புடி அவனுக்கு. சின்னக் காலா பொறந்திருந்தா நம்ம இடுப்பு பொழச்சிருக்கும்" என்றாள் கூட நட்ட தையலம்மாள்.

"சிரிக்காதடி!"

செல்வகுமாரி வேலியில் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு வரப்பில் ஏறினாள். அவனை முதலிலிருந்து மறுபடி அளக்க வைத்து, ஒவ்வொரு கோல் முடிவிலும் அதை அவளே குத்தினாள். அவன் இருபத்து நாலு கோல் என்று எழுதி வந்த அகலம் இருபத்தைந்தரையில் போய் நின்றது.

"பதினோரு வருசம்டா!" அவள் கழனியின் நீளப் பக்கம் கை காட்டினாள். "நீளத்தயும் அள. அப்பறம் உங்க மொதலாளியோட மேலக் கழனியயும் அளக்க வா."

"பொழுது ஆவுதுக்கா."

"எங்களுக்கு ஆவலியா?"

குத்தியிருந்த குச்சியைப் பிடுங்கி, அவன் கால் வைக்கப் போன இடத்தில் ஓங்கிக் குத்தினாள். பாக்யராஜ் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கோலைக் குனிந்து எடுத்தான்.