கண் திறந்து ஜெபித்த அம்மா

அன்று அடுகோடி பட்டறையில் இருந்தவர்கள்: முதலாளி நஞ்சப்பா. லாரி டிரைவர் பாஷா. அம்மாவோடு கூட வேலை செய்யும் பிலோமினா அக்கா. என் அம்மா. கேமராவோடு நான். கர்த்தரும் இருந்தார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் அதிகம் படிக்கவில்லை. லிங்கராஜபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை. வருஷம் 1996. அப்பா தவறிய பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். ஆனால் பேச்சு இல்லை. நான் என்ன சொன்னாலும் அம்மா பதில் தரமாட்டார். சபையில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது அம்மா மட்டும் முன்வரிசையில் கண்ணைத் திறந்து போதகரையே பார்ப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். விசுவாசமும் போயிற்று, என்மேல் பாசமும் போயிற்று என்று நினைத்தேன். மனம் விட்டுப்போனது. ஒக்கலிபுரத்தில் தனி ரூம் பார்த்துவிட்டேன். போகுமுன் ஒரே ஜெபம். "ஆண்டவரே, அம்மா என்னோடு ஒரு வார்த்தை பேசட்டும். இல்லாவிட்டால் நான் போகிறேன்."

அந்த வாரமே நஞ்சப்பா தன் பட்டறையைப் படம் எடுக்கச் சொல்லியனுப்பினார். வெளியூர் வியாபாரிக்குக் காட்டவாம். நான் போனேன். பழைய எண்ணெய் டிரம்மை வெட்டி, சுத்தியலால் தட்டித் தகடாக்கும் இடம். அம்மா வேலை செய்வதை அன்றுதான் பார்த்தேன். சத்தம் மண்டையைப் பிளந்தது.

பிரிண்ட் வந்தது. ஒரு படத்தில் லாரி பின்பக்கமாக வருகிறது. அது விடாமல் ஹாரன் அடித்தது எனக்கு நினைவிருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அம்மா திரும்பவில்லை. ஓங்கிய சுத்தியல். முதுகுக்குப் பின்னாலேயே லாரி. பிலோமினா அக்காவின் கை அம்மாவின் தோளில். மற்றப் படங்களையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அக்கா, அம்மாவைத் தொடும் தூரத்தில்.

படத்தோடு அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"இப்பதான் தெரிஞ்சுதா தொரைக்கு? தட்டித் தட்டியே ரெண்டு காதும் போச்சு. முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்னு மூச்சு விடல. உன்கிட்டயும் சொல்லாதன்னுட்டா."

அன்று சாயங்காலம் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"காது கேக்கலன்னு ஏம்மா சொல்லல?"

அம்மா என் வாயையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நீ எப்பவும் சோத்துத் தட்டப் பாத்துக்கினே பேசுவ. மூஞ்சக் காட்டினாதானே தெரியும்? புள்ள பேசவே மாட்டேங்குறானேன்னு நானும் ஜெபம் பண்ணிக்கினுதான் இருந்தேன்."

"சர்ச்சுல ஏன் கண்ண மூட மாட்டேங்குற?"

"மூடினா ஆமென் எப்ப வருதுன்னு எப்பிடிடா தெரியும்? ஒருநாள் மூடிட்டேன். கண்ணத் தொறந்தா சர்ச்சுல ஆளே இல்ல."

ஒரு வார்த்தை கேட்டேன். கர்த்தர் இவ்வளவு கொடுத்தார்.

ரூம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா சம்மதித்ததும் இருவரும் நஞ்சப்பாவிடம் படத்தைக் காட்டினோம். பயந்துகொண்டுதான் போனோம்.

"அய்யோ தேவ்ரே! முன்னாடியே சொல்றதில்லியாம்மா? லாரி அடிச்சிருந்தா உன் புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று திட்டினார். லாரி வராத பக்கம், தகட்டில் செய்யும் பெட்டிகளுக்கு மூடி பொருத்தும் வேலைக்கு மாற்றிவிட்டார். அதன்பின் பெரியாஸ்பத்திரியில் காது மிஷின் கிடைத்தது. பாதிதான் கேட்கிறது. போதும்.

ஜெபித்தும் பதில் இல்லையே என்று சோர்ந்திருப்பவர்களே, விட்டுவிடாதீர்கள். அது எந்த வழியாக வரும் என்று நமக்குத் தெரியாது. எனக்கு ஒரு போட்டோவில் வந்தது.

இப்போது நானும் முன்வரிசையில் அம்மாவோடு உட்காருகிறேன். போதகர் ஜெபிப்பதை அம்மாவின் முகம் பார்த்து வாயசைத்துச் சொல்கிறேன். ஆமெனும் சேர்ந்தே சொல்கிறோம். எங்கள் சபையில் ஜெப நேரத்தில் கண் திறந்திருப்பவர்கள் இரண்டு பேர்.